கர்ப்பப்பை இறக்கம்: ரிங்கா, தையலா, மெஷ்ஷா, மூடிவிடுவதா?

போன மாசியில் ஓர் இரவு மதினி போன் செய்தார். என் கணவரின் அக்கா. 66 வயது. ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் இரண்டு கறவை மாடுகளோடு தனியாக இருக்கிறார். பால் கணக்கு, மழை, பேத்தியின் படிப்பு என்றுதான் எப்போதும் பேச்சு போகும். அன்று குரல் தணிந்திருந்தது.

"தாயி, பக்கத்துல யாரும் இருக்காகளா?"

இல்லை என்றேன்.

"உனக்கு வந்த மாதிரியே எனக்கும் இருக்கு. ரெண்டு வருசமா அடியில உருண்டையா தட்டுப்படுது. பாலைக் கறந்துட்டு எந்திரிச்சா வெளிய வந்துருது. கையால உள்ள தள்ளி விட்டுட்டு வேலையப் பாக்குறேன். டாக்டரம்மா நாலு வழி சொல்றாக. எனக்கு ஒண்ணும் புரியல. நீ பட்டவ, நீ சொல்லு."

பட்டவள்தான். 2022-ல், என் 55-வது வயதில், கர்ப்பப்பையைக் கீழ்வழியாக எடுத்துவிட்டுத் தளர்ந்த சுவர்களை மடித்துத் தைத்தார்கள். டிஸ்சார்ஜ் தாளில் 'வி.ஹெச். வித் பி.எஃப்.ஆர்.' என்று எழுதியிருந்தது. பதினான்கு மாதம் கழித்து ஒருநாள் குளிக்கும்போது அதே உருண்டை மறுபடியும் கையில் பட்டது. சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இப்போது ரிங், அதாவது இறங்குவதைத் தாங்க உள்ளே வைக்கும் வளையம், வைத்திருக்கிறேன். பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். ஆபரேஷனுக்கு முன்பே படித்திருக்க வேண்டிய ஆய்வுகளை அதற்குப் பிறகுதான் மகளின் துணையோடு தேடித் தேடிப் படித்தேன். மதினிக்குச் சொன்னதையெல்லாம் இங்கே இன்னும் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன், அவரைப் போல ராத்திரியில் குரலைத் தாழ்த்திக் கேட்கிற பெண்கள் நிறையப் பேர் இருப்பதால்.

முதலில் ஒன்று. இந்த வழிகளை 'எது எத்தனை சதவீதம் வெற்றி' என்று மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்து போவோம். ஒவ்வொன்றும் எங்கே சறுக்கும், அப்படிச் சறுக்கினால் நம் உடம்பும் நம் வீடும் அதைத் தாங்குமா என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். எனக்கு யாரும் அப்படிச் சொல்லவில்லை.

எது இறங்குகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கர்ப்பப்பை இடுப்புக்குள் உறியில் வைத்த பானை மாதிரித் தொங்குகிறது. தசைநார்கள்தான் உறிக்கயிறு. கீழே இடுப்புத்தளத் தசைகள் கயிற்றுக் கட்டில் போல விரிந்து தாங்குகின்றன. பிரசவத்தில் அந்தக் கட்டிலின் கயிறு தளரலாம். ஒரு பக்கம் சட்டத்தை விட்டே பிய்ந்தும் போகலாம். ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்த பிரசவங்களில் இப்படிப் பிய்வது அதிகம். அதற்கு மேல் வயது, மாதவிடாய் நிற்பது, நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், உடல் எடை, காலமெல்லாம் கனம் தூக்கிய வேலை எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. இறங்குவது பானை மட்டுமில்லை. முன்சுவர் தளர்ந்தால் மூத்திரப்பை சரிந்து வரும், டாக்டர்கள் சிஸ்டோசீல் என்பார்கள். பின்சுவர் தளர்ந்தால் மலக்குடல் துருத்தும், அது ரெக்டோசீல். ஒரே பெண்ணுக்கு மூன்றும் இருக்கலாம். உங்களுக்கு இறங்கியிருப்பது எது, எத்தனை டிகிரி, அதாவது எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அது தெரியாமல் எந்த வழியையும் ஒப்பிட முடியாது.

இது புற்றுநோயாக மாறுகிற வியாதி இல்லை. தொந்தரவே தராத இறக்கத்தை அப்படியே விட்டுவைத்துக் கவனித்து வருவதில் தப்பில்லை. சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, வெளியே வந்த பகுதி உரசிப் புண்ணாகி ரத்தம் கசிந்தாலோ, சிறுநீர்க் குழாய் மடங்கிச் சிறுநீரகம் வீங்கியிருப்பதாக ஸ்கேனில் தெரிந்தாலோ தள்ளிப்போடக் கூடாது. மற்றபடி யோசிக்க நேரம் இருக்கிறது. அடியை இறுக்கிப் பிடித்துச் செய்யும் கீகல் பயிற்சி முதல் இரண்டு டிகிரியில் இருப்பவர்களுக்குப் பாரம், இழுப்பு போன்ற தொந்தரவைக் குறைக்கும். பிரிட்டனிலிருந்து 2014-ல் வந்த ஓர் ஆய்வு அதைத் தெளிவாகக் காட்டியது. மதினிக்கு மூன்றாம் டிகிரி. வெளியே வந்துவிட்டதைப் பயிற்சி மேலே ஏற்றிவிடாது.

ரிங்கைப் பற்றி நம் ஊரில் ஓர் இளக்காரம் உண்டு, ஆபரேஷனுக்கு உடம்பு தாங்காத கிழவிகளுக்கானது என்று. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நெதர்லாந்தில் 440 பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ரிங்கும் மற்றதற்கு ஆபரேஷனும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2022-ல் வெளியானது. இரண்டு வருட முடிவில் ரிங் பிரிவில் 76 சதவீதம் பேரும் ஆபரேஷன் பிரிவில் 81 சதவீதம் பேரும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். பார்க்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் ரிங் பிரிவில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்த இரண்டு வருடத்துக்குள் ஆபரேஷனுக்கு மாறியிருந்தார்கள். நான் இதை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: ரிங் பிடித்துப்போனவர்களுக்கு அதுவே போதும், பிடிக்காதவர்களுக்கு அது சீக்கிரமே தெரிந்துவிடும். முயன்று பார்ப்பதில் எதுவும் பாழாவதில்லை.

என்னுடையது சிலிகோன் வளையம், வளையல் அளவு. விரலால் அமுக்கினால் இரண்டாக மடங்கும். வாரத்துக்கு ஒரு ராத்திரி ஒரு காலை முக்காலி மேல் தூக்கி வைத்து, ஆள்காட்டி விரலைக் கொக்கி மாதிரி வளைத்துக் கீழே இழுத்து எடுத்துவிடுவேன். சோப்புப் போட்டுக் கழுவி ஒரு டப்பாவில் வைத்துவிட்டுத் தூங்குவேன். காலையில் இரண்டாக மடித்து உள்ளே விட்டால் தானே விரிந்து உட்கார்ந்துகொள்ளும். சரியாக உட்கார்ந்துவிட்டால் அது இருப்பதே தெரியாது. தெரிந்தால் அளவு தப்பு. முதல் அளவு எனக்கு மலம் கழிக்கும்போது கழன்று விழுந்தது. அடுத்த அளவு அடிவயிற்றை அழுத்தி வலித்தது. மூன்றாவதுதான் பொருந்தியது. முதல் ரிங்கிலேயே 'எனக்கு ஒத்துவரல' என்று விட்டுவிடாதீர்கள்.

ரிங்குக்கு ஓய்வு நாள் எதுவும் தேவையில்லை, மறுநாளே வேலைக்குப் போகலாம். சறுக்கல்கள் மெதுவாக வரும். வெள்ளைப்படுதல் கூடும். மாதவிடாய் நின்றவர்களுக்கு உள்தோல் மெலிந்திருப்பதால் உரசிப் புண்ணாகலாம். அதற்காகத்தான் டாக்டர்கள் ஈஸ்ட்ரோஜன் கிரீம் எழுதித் தருகிறார்கள். தானே எடுத்து மாட்டத் தெரியாதவர்கள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். ரிங் வைத்ததையே மறந்துவிடுவதுதான் இதில் பெரிய ஆபத்து. வருடக்கணக்கில் உள்ளேயே கிடக்கும் ரிங் சதைக்குள் புதைந்து, மூத்திரப்பைக்கோ மலக்குடலுக்கோ ஓட்டை போட்டுவிடலாம். அம்மாவுக்கோ மாமியாருக்கோ ரிங் வைத்திருந்தால், வீட்டில் இன்னொருவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். காலண்டரில் தேதியைக் குறித்து வையுங்கள்.

அடுத்தது தையல், அதாவது நம் சொந்தத் திசுக்களை வைத்தே சரிசெய்வது. நம் ஊரில் பெரும்பாலும் நடப்பது இதுதான். இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு, அதைச் சொல்லாமல் போக முடியாது. 'கர்ப்பப்பையை எடுத்துட்டா சரியாப் போயிரும்' என்றார்கள். நானும் நம்பினேன். கர்ப்பப்பை இறங்கியது உறிக்கயிறு அறுந்ததால். பானையை எடுத்துவிட்டால் கயிறு சரியாகிவிடுமா? கர்ப்பப்பை போன பிறகு பிறப்புறுப்பின் மேல்நுனி மட்டும் மிஞ்சும், வால்ட் என்பார்கள். அதை ஏதாவது ஓர் உறுதியான தசைநாரில் கட்டித் தொங்கவிட வேண்டும். என் ஆபரேஷன் குறிப்பை வாங்கிப் பார்த்தபோது அப்படிக் கட்டியதற்கான வரியே இல்லை. அதனால் ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்துப் போடும் முன் இந்த ஒரு கேள்வியை மட்டுமாவது கேளுங்கள்: "எடுத்த பிறகு மேல்நுனியை எதில் கட்டுவீங்க டாக்டர்?" சேக்ரோஸ்பைனஸ் தசைநாரில் என்றோ, யூட்ரோசேக்ரல் தசைநாரில் என்றோ பதில் வர வேண்டும். "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்" என்றுதான் பதில் வந்தால் இன்னொரு டாக்டரையும் பாருங்கள்.

இரண்டு தசைநார்களில் எது மேல் என்று அமெரிக்காவில் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. இரண்டு வருடத்தில் இரண்டுமே ஏறக்குறைய 60 சதவீதம் வெற்றி. அவர்களையே ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்து 2018-ல் வெளியிட்டார்கள். உடற்கூறு, அறிகுறி, மறுசிகிச்சை இவற்றில் எந்த ஒன்றில் தவறினாலும் சறுக்கல் என்று எண்ணினால் யூட்ரோசேக்ரல் பிரிவில் 61.5 சதவீதம், சேக்ரோஸ்பைனஸ் பிரிவில் 70.3 சதவீதம். முதல்முறை படித்தபோது கை நடுங்கியது. மறுபடி நிதானமாகப் படித்தேன். மறுசிகிச்சை வரை போனவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான். அளந்து பார்த்தால் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனால் அந்தப் பெண்களில் பெரும்பாலோர் ஆபரேஷனுக்கு முன்பிருந்ததை விட எவ்வளவோ நன்றாக இருக்கிறார்கள். ஆகவே 'திரும்ப வந்துருச்சு' என்று டாக்டர் சொன்னால் உடனே இடிந்து போக வேண்டாம். உங்களுக்குத் தொந்தரவு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கர்ப்பப்பையை எடுக்காமலேயே மேலே தூக்கிக் கட்டுவதும் உண்டு. இதை இங்கே பலர் கேள்விப்பட்டதுகூட இல்லை. ஆனால் பிள்ளை பெற வேண்டிய இளம் வயதில் இறக்கம் வந்தவர்களுக்காக மும்பையின் ஷிரோத்கர், புரந்தரே போன்ற நம் நாட்டு டாக்டர்களே தூக்கிக் கட்டும் முறைகளை உருவாக்கிப் பல காலம் ஆகிறது. நெதர்லாந்தில் கர்ப்பப்பையை வைத்தே சேக்ரோஸ்பைனஸில் கட்டியவர்களையும், எடுத்துவிட்டுக் கட்டியவர்களையும் ஐந்து வருடம் ஒப்பிட்டு 2019-ல் எழுதினார்கள். வைத்துக் கட்டியவர்களில் 87 சதவீதம் நன்றாக இருந்தார்கள், எடுத்தவர்களில் 76. அதே நாட்டில் 2023-ல் வந்த இன்னோர் ஆய்வில், கர்ப்பப்பை வாயின் ஒரு பகுதியை வெட்டிவிட்டு அதன் தசைநார்களை இழுத்துத் தைக்கும் பழைய மான்செஸ்டர் ஆபரேஷன், சேக்ரோஸ்பைனஸில் கட்டுவதைவிடவே நன்றாக நின்றது. நூறு வருடத்துக்கு மேலான முறை அது. 'வயசாச்சு, இனி அது எதுக்கு, எடுத்துருவோம்' என்ற பேச்சைக் கேட்டுத் தலையாட்டும் முன் இதையெல்லாம் ஒருமுறை டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டவர்கள், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பாப் ஸ்மியர் சோதனையில் கோளாறு உள்ளவர்கள் போன்றோருக்கு எடுப்பதுதான் சரி.

தையலின் சறுக்கல்கள் இரண்டு விதம். ஆறு வாரத்துக்குள் வருபவை ஒன்று, வருடக்கணக்கில் வருபவை இன்னொன்று. முதல் வகையைப் பின்னால் சொல்கிறேன். இரண்டாவதில் முக்கியமானது முன்சுவர் மறுபடி சரிவது. சேக்ரோஸ்பைனஸில் கட்டும்போது நுனி பின்பக்கமாக இழுபடுவதால் முன்சுவரில்தான் பாரம் இறங்குகிறது.

மெஷ் என்பது தளர்ந்த இடத்தைத் தாங்க வைக்கும் செயற்கை வலை. அதைச் சொன்னாலே பயப்படுகிறவர்கள் உண்டு, காரணம் இல்லாமல் இல்லை. பிறப்புறுப்பு வழியாக உள்ளே வைத்துத் தைத்த மெஷ் பல நாடுகளில் பெண்களை ஆறாத வலியில் தள்ளியது. சதையை அறுத்துக்கொண்டு வெளியே நீட்டியது, தாம்பத்தியம் முடியாமல் போனது, எடுக்கப் போனால் முழுதாக எடுக்கவும் வரவில்லை. இறக்கத்துக்கான அந்த வகை மெஷ்ஷின் விற்பனையை நிறுத்தும்படி அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2019 ஏப்ரலில் உத்தரவிட்டது. பிரிட்டன் 2018-லேயே நிறுத்தி வைத்தது. கீழ்வழியாக மெஷ் வைப்பதாக யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

வயிற்று வழியாக, பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பியில், மேல்நுனியை முதுகுத்தண்டின் அடி எலும்போடு மெஷ்ஷால் கட்டுவது வேறு. சேக்ரோகால்போபெக்ஸி என்று பெயர். அது தடை செய்யப்பட்டதில்லை. கர்ப்பப்பை எடுத்த பிறகு வால்ட் இறங்கியவர்களுக்கும், வயது குறைந்து உழைப்பு அதிகம் உள்ளவர்களுக்கும் இதுதான் உறுதியாக நிற்கிறது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். முழு மயக்கம் வேண்டும், நேரம் கூடுதல், செலவு கூடுதல், செய்து பழகிய கைகள் பெரிய ஊர்களில்தான் கிடைக்கும். அமெரிக்காவில் வயிற்றைத் திறந்து செய்தவர்களை ஏழு வருடம் பார்த்ததில், அந்தக் காலத்துக்குள் மெஷ் சதையில் வெளிப்படும் வாய்ப்பு 10.5 சதவீதம் என்று 2013-ல் கணக்கிட்டார்கள். அதில் பழைய வகை மெஷ்களும் சேர்த்தி. என் இரண்டாவது ஆபரேஷனுக்கு டாக்டர் இதைத்தான் சொல்லியிருக்கிறார். ரிங் தாங்கும்வரை தாங்கட்டும் என்றிருக்கிறேன். மெஷ் பத்து வருடம் கழித்துச் சறுக்கினால் எனக்கு அப்போது எழுபது நெருங்கியிருக்கும். வயிற்றுக்குள் ஒட்டிப்போனதை அந்த வயதில் பிரித்தெடுக்கும் ஆபரேஷனை நினைத்தால் எனக்கு மனம் வரவில்லை. நாற்பத்தைந்து வயதில், தாம்பத்தியமும் ஓட்டமுமாக இருக்கிற ஒருத்தி வேறு மாதிரி முடிவெடுக்கலாம், அதுவும் சரிதான்.

நாலாவது வழியைச் சொல்லவே டாக்டர்கள் தயங்குகிறார்கள். பிறப்புறுப்பின் முன்சுவரையும் பின்சுவரையும் ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து மூடிவிடுவது. லெஃபோர்ட் ஆபரேஷன் என்று பெயர், 1877-லிருந்து இருக்கிறது. சிறுநீர் போவதற்கு இதனால் தடையில்லை. இனி தாம்பத்திய உறவு முடியாது, அவ்வளவுதான். முதுகு ஊசியில் முடித்துவிடலாம், நேரம் குறைவு, ரத்த இழப்பு குறைவு. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நிலைத்து நிற்கிறது. கர்ப்பப்பையை உள்ளே விட்டு மூடுவதானால், பிறகு அதைக் கீழ்வழியாகப் பார்க்கவே முடியாது. அதனால் முன்கூட்டியே ஸ்கேனும் பாப் ஸ்மியரும் பார்த்து எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். திரும்பப் பிரிக்கிற ஆபரேஷனும் இல்லை இது. அதனால் அந்தப் பெண் தானாகச் சொல்ல வேண்டும். மகனோ மகளோ 'அம்மாவுக்கு இனி எதுக்கு' என்று சொல்லித் தீர்மானிக்கக் கூடாது. கணவர் இருந்தால் அவரும் அறிந்திருக்க வேண்டும்.

இனி அந்த ஆறு வாரம். தையலோ மெஷ்ஷோ மூடுவதோ, எல்லாவற்றுக்கும் இது பொது. ஆனால் வீட்டுக்கு வீடு இது மாறும் என்பதைக் கணக்கில் எடுக்காமல் விட்டதில்தான் நான் தவறினேன்.

மறுநாள் காலையில் உள்ளே வைத்த துணிச்சுருளை எடுத்தார்கள். அப்புறம் யூரின் ட்யூபை எடுத்துவிட்டு "போய்ப் பாருங்க" என்றார்கள். முட்டிக்கொண்டு வந்தது, ஒரு சொட்டு இறங்கவில்லை. குழாயைத் திறந்து வைத்தேன், பாதத்தில் தண்ணீர் ஊற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி ட்யூப் போட்டார்கள். ஒரு வாரம் மூத்திரப் பையைப் புடவைக்குள் கட்டிக்கொண்டு வீட்டில் இருந்தேன். ஏதோ தவறு நடந்துவிட்டது என்று எண்ணி உள்ளுக்குள் செத்துப்போனேன். முன்சுவரைத் தைத்தவர்களுக்கு இது அடிக்கடி நடப்பது, வீக்கம் வடிந்ததும் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். இதை முன்பே ஒருவர் சொல்லியிருந்தால் அந்த ஏழு இரவும் தூங்கியிருப்பேன்.

பத்தாம் நாளை ஒட்டி ரத்தம் மறுபடி கொஞ்சம் படும், தையல் கரையும்போது நூல்துண்டுகள் விழும். பழுப்பாகக் கசிவது ஆறு வாரம்வரை இருக்கலாம். சேக்ரோஸ்பைனஸில் கட்டியவர்களுக்குப் புட்டத்தில், பெரும்பாலும் வலது பக்கம், ஆழமாக ஒரு வலி இருக்கலாம். பலருக்கும் ஆறு வாரத்தில் அடங்கிவிடும். இரண்டு மூன்று மாதம் கழித்து லேசாக ரத்தம் பட்டால் தையல் வாயில் சதை வளர்ந்திருக்கலாம், மருந்து தொட்டுப் பொசுக்கிவிடுவார்கள். உடனே ஓட வேண்டியவை வேறு: ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு நனைகிற ரத்தம், குளிர் காய்ச்சல், நாற்றத்தோடு கசிவு, சிறுநீர் அடைப்பு, ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கம், மூச்சுத் திணறல், ஆபரேஷன் முடிந்த உடனே காலில் இறங்கும் தாங்க முடியாத புட்டவலி. இருமாமல் தும்மாமல் சும்மா இருக்கும்போதே சிறுநீர் சொட்டிக்கொண்டே இருந்தால் அதையும் அலட்சியம் செய்யாதீர்கள், ஓட்டை விழுந்ததன் அடையாளமாக இருக்கலாம்.

இருமினால் ஒழுகுவது வேறு கதை. சரிந்த மூத்திரப்பை சிறுநீர்த் தாரையை மடக்கி வைத்திருப்பதால் சிலருக்கு இறக்கம் இருக்கும்வரை ஒழுகுவது தெரியாது. மேலே தூக்கிக் கட்டியதும் மடிப்பு நிமிர்ந்து ஒழுக ஆரம்பிக்கும். 2012-ல் வந்த அமெரிக்க ஆய்வில், இறக்கத்துக்கான ஆபரேஷனோடு, ஒழுக்கைத் தடுக்கச் சிறுநீர்த் தாரையைத் தாங்கும் நாடாவும் சேர்த்து வைத்தவர்களில் ஒரு வருடத்தில் 27 சதவீதம் பேருக்கும், வைக்காதவர்களில் 43 சதவீதம் பேருக்கும் ஒழுகியது. நாடாவுக்கும் அதற்கென்று தொல்லைகள் உண்டு. ஆபரேஷனுக்கு முன் இறக்கத்தை விரலாலோ ரிங்காலோ தூக்கிப் பிடித்து இருமச் சொல்லிப் பார்த்தால் பாதி விடை தெரிந்துவிடும். அந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

முக்குவதுதான் தையலுக்குப் பெரிய எதிரி. முதல் நாளிலிருந்தே இசப்கோலோ டாக்டர் தரும் மலமிளக்கியோ எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் குறைக்காதீர்கள். வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாத வீட்டில், உட்கார்ந்து எழும்போது கையை ஊன்றிக்கொள்ள ஸ்டூலோ பிளாஸ்டிக் கமோடு நாற்காலியோ முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

தூக்குவதைப் பற்றி. ஐந்தாம் வாரத்தில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தது. வீட்டில் ஆளில்லை. இரண்டு குடம் இடுப்பில் வைத்துத் தூக்கி வந்தேன். இறக்கம் திரும்பியபோது அந்த இரண்டு குடத்தை நினைத்து ஆறு மாதம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். சொந்தக்காரர்களும் அதைத்தான் சொன்னார்கள், 'சும்மா இருந்திருக்கலாம்ல'. பிறகுதான் 2017-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வைப் படித்தேன். ஆபரேஷனுக்குப் பின் மூன்று மாதம் கனம் தூக்கக் கூடாது என்று கட்டுப்படுத்திய பெண்களுக்கும், விருப்பம்போல இருக்கலாம் என்று விட்ட பெண்களுக்கும் தையல் நின்றதில் வேறுபாடு இல்லை. அங்கே தூக்குவதும் இங்கே தூக்குவதும் ஒன்றில்லை என்பது எனக்குத் தெரியும், நிறைந்த கேஸ் சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ. அதனால் ஆறு வாரம் குடம், சிலிண்டர், அரிசி மூட்டை, கிரைண்டர் கல் எதையும் தொடாதீர்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் ஒரு குடத்தைத் தூக்கியதால்தான் திரும்ப வந்தது என்று எந்தப் பெண்ணையும் யாரும் பழிக்க வேண்டாம். கட்டாமல் விட்ட மேல்நுனியும், முதல் பிரசவத்தில் ஆயுதம் போட்டு எடுத்தபோது பிய்ந்திருக்கக்கூடிய தசையும்தான் என் விஷயத்தில் பெரிய காரணங்கள் என்று இப்போதைய டாக்டர் சொன்னார். அதைக் கேட்டபோது நெஞ்சிலிருந்த ஒரு கல் இறங்கியது.

மதினியிடம் இவ்வளவையும் மூன்று நாள் போனில் சொன்னேன். கடைசியில் நான் கேட்டது: "ஆறு வாரம் மாட்டை யார் பாப்பா?" பதில் இல்லை. மகன் திருப்பூரில், மருமகள் பனியன் கம்பெனியில். ஒரு மாடு சினையாக வேறு இருந்தது.

அதனால் முதலில் ரிங். டாக்டரம்மா இரண்டு அளவு போட்டுப் பார்த்தார், இரண்டும் பால் கறக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்ததும் கழன்று விழுந்தன. பிறப்புறுப்பின் வாய் மிக அகன்றிருப்பவர்களுக்கு ரிங் நிற்பது கஷ்டம். மெஷ்ஷுக்கு மதுரை வரை அலைய அவருக்கு ஆள் கிடையாது, பி.பி.யும் மூச்சிரைப்பும் இருப்பதால் நீண்ட மயக்கத்துக்கு டாக்டரம்மாவும் தயங்கினார். மிச்சமிருந்தது தையல், இல்லையென்றால் மூடுவது. நான் நேரிலேயே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன், மூடினால் என்னவாகும் என்பதை ஒளிக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கண்ணன் போயி பதினொரு வருசமாச்சு தாயி. எனக்கு வேண்டியதெல்லாம் குனிஞ்சு நிமிந்து என் வேலைய நானே பாக்கணும். திரும்பத் திரும்ப ஆசுபத்திரிக்கு என்னால போக முடியாது" என்றார். முடிவு அவருடையது.

வைகாசியில் மாடு கன்று ஈன்றது. ஆனியில் லெஃபோர்ட் ஆபரேஷன் நடந்தது. தங்கச்சி மகள் ஆறு வாரத்துக்கு வந்து தங்கினாள். பன்னிரண்டாம் நாள் சிறுநீர் எரிச்சலும் காய்ச்சலும் வந்தன. சிறுநீரில் கிருமி என்று மாத்திரை கொடுத்தார்கள், நான்கு நாளில் அடங்கியது. பயப்படாமல் அன்றே போனார், இது வரும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. மூன்றாம் வாரம் நான் போனபோது தொழுவத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மடியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணை விரட்டிக்கொண்டிருந்தார்.

ஆடிக் கடைசியில் ஒருநாள் விடியற்காலை போன் வந்தது.

"தாயி, குத்துக்கால் போட்டு உக்காந்து எந்திரிச்சுப் பாத்தேன். ஒண்ணும் வெளிய வரல."

"கறந்தீங்களா மதினி?"

"இல்ல. சும்மா உக்காந்து பாத்தேன். கேனைத் தூக்குறது இன்னும் ஒரு மாசம் அவதான்."